பம்பரின் கன்னத்து வீக்கம்

குணசுந்தரி அக்காவை நான் முதன்முதலில் பார்த்தபோது, அவர் என் கையெழுத்தின் மேல் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்தார்.

நான் வேலைக்குச் சேர்ந்து ஒன்பதாவது நாள் அது. கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில், கார்களுக்கான பிளாஸ்டிக் பாகங்கள் வார்க்கிற ஒரு கம்பெனி. அதில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் ட்ரெயினி இன்ஜினியர். எங்கள் ஊர் பொதட்டூர்பேட்டைக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் கழனியில் நாற்று நட்டு என்னைப் படிக்க வைத்தவர்கள். கல்லூரியில் சேர்வதற்காகத் தாசில்தார் அலுவலகத்தில் வாங்கிய ‘முதல் பட்டதாரி’ சான்றிதழ் இன்றும் என் பெட்டியில், கண்ணாடித்தாள் உறைக்குள், மடிப்பு விழாமல் இருக்கிறது. அந்த நாட்களில் கம்பெனி அடையாள அட்டையைப் பேருந்தில்கூடக் கழற்ற மாட்டேன்.

நாற்பது பம்பர்களைப் பார்த்து முடித்து ‘ஓகே’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தேன். மதியம் போய்ப் பார்த்தால் எல்லாவற்றிலும் சிவப்பு ஸ்டிக்கர். நீலக் கோட்டுப் போட்ட, ஒல்லியான, நாற்பது வயதிருக்கும் ஒரு பெண்மணி கடைசி ஸ்டிக்கரை விரலால் தேய்த்து ஒட்டிக்கொண்டிருந்தார்.

“யாரு இத்த ஓகே பண்ணது?”

“நான்தான்.”

“லைட்டுக்கு நேரா புடிச்சுப் பாத்தியா? தோ பாரு.” பம்பரைச் சாய்த்துப் பிடித்தார். தலைமுடி அளவுக்கு ஒரு கோடு, வெளிச்சம் பட்டதும் தெரிந்தது. “உள்பக்கம் இன்னா இருந்தாலும் உடு, அது பி சைடு, எவனும் பாக்கப் போறதில்ல. இது ஏ சைடு. கார் வாங்குறவன் கண்ணு மொதல்ல இங்கதான் உழும். இதுல கொசு உக்காந்த தடம் இருந்தாலும் ரிஜெக்ட்டு. காலேஜ்ல இத்த சொல்லித் தரலயா?”

பக்கத்து மேசையிலிருந்து லைன் லீடர் பாக்கியராஜ் அண்ணன் குரல் கொடுத்தார்: “சொல்லித்தான் குடுத்திருப்பாங்க குணாக்கா. அன்னைக்குத் தம்பி லீவு.”

லைன் முழுக்கச் சிரித்தது. எனக்குக் காது சூடாகிவிட்டது. இரண்டு நாள் அந்தப் பக்கமே போகவில்லை. மூன்றாம் நாள் அவராகவே வந்து, “ரூம் தேடிகினு இருக்கியாமே? எங்க தெருவுல ஒண்ணு காலியா கீது, பாக்குறியா?” என்று கேட்டார். அப்படித்தான் நான் ஆரம்பாக்கத்தில், குணாக்கா வீட்டுக்கு மூன்று வீடு தள்ளிக் குடிபோனேன். அப்படித்தான் பம்பரும் எனக்குப் பழக்கமானது.

பம்பர் என்பது அவருடைய நாய். தவிட்டு நிறம், நெஞ்சில் மட்டும் வெள்ளை, ஒரு காது நிமிர்ந்தும் ஒரு காது மடிந்தும் இருக்கும் நாட்டு நாய். ஏழு வருடங்களுக்கு முன் ஒரு மழை நாளில், கம்பெனி யார்டில் பம்பர் அடுக்கும் பெட்டிக்குள் குட்டியாகக் கிடந்ததாம். குணாக்கா அதைச் சாப்பாட்டுப் பைக்குள் போட்டு, டிபன் கேரியரைக் கையில் பிடித்துக்கொண்டு, கம்பெனி பஸ்ஸிலேயே வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். பஸ்ஸில் அது கத்தியபோது, பாக்கியராஜ் அண்ணன் டிரைவருக்குக் கேட்காமலிருக்கத் தொடர்ந்து இருமிக்கொண்டே வந்ததாகச் சொல்வார்கள். பெயர் வைத்ததும் அந்த அண்ணன்தான்.

குணாக்காவின் கணவர் ஆதிநாராயணன் டிரெய்லர் ஓட்டுகிறார். எண்ணூர் துறைமுகத்தில் கண்டெய்னர் ஏற்றினால் எங்கே இறக்குவார் என்று அவருக்கே தெரியாது. எட்டு நாளைக்கு ஒருமுறை வீட்டுக்கு வருவார். மகள் திருவள்ளூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். மற்ற நாட்களில் அந்த வீட்டில் இருப்பது இரண்டே பேர்.

காலையில் நான் பல் துலக்கிக்கொண்டு வாசலுக்கு வரும் நேரத்தில் அங்கே இன்ஸ்பெக்‌ஷன் நடந்துகொண்டிருக்கும். வேறு வார்த்தை எனக்குத் தெரியவில்லை. “நில்லு” என்றால் பம்பர் நிற்கும். முதலில் காதுகளைத் திருப்பிப் பார்ப்பார். பிறகு கண், கழுத்துப் பட்டைக்கு அடியில், கால் விரல் இடுக்கில் உண்ணி இருக்கிறதா என்று. வாலைத் தூக்கி ஒரு பார்வை. கடைசியில் மேலுதட்டைக் கட்டைவிரலால் தூக்கி, கம்பெனியில் பம்பர் துடைத்துக் கழித்த மெத்தென்ற துணியால் பல்லைத் துடைப்பார். எல்லாம் சேர்த்து மூன்று நிமிடம். பிறகு முதுகில் ஒரு தட்டு: “ஓகே. போ.” அந்த ‘ஓகே’ காதில் விழுந்த பிறகுதான் பம்பர் உடம்பை உதறிக்கொண்டு ஓடும்.

“புருசனக்கூட இப்டிப் பாத்ததில்ல இவ,” என்பார் எதிர்வீட்டம்மா.

“அவரு எட்டு நாளைக்கு ஒருக்கா வர சரக்கு லாட்டு. இவன் டெய்லி புரொடக்‌ஷன். டெய்லி பாக்கணுமில்ல?” என்று திருப்பிக் கொடுப்பார் குணாக்கா.

வெறிநாய் தடுப்பூசி போட்ட அட்டை ரேஷன் கார்டு இருக்கும் அதே உறையில் இருக்கும். பூச்சி மருந்து கொடுத்த தேதி காலண்டரில் வட்டம் போட்டிருக்கும். ஞாயிற்றுக்கிழமை தோறும் கறிக்கடையில் பெரிய நல்லி எலும்பு ஒன்று கேட்டு வாங்கி வருவார். “எலும்பு கடிச்சாத்தான் பல்லு கெட்டிப்படும், அழுக்கும் போவும்,” என்பார். பம்பரின் பற்களைப் பற்றி அவருக்கு ரொம்பப் பெருமை. யாராவது வீட்டுக்கு வந்தால் உதட்டைத் தூக்கிக் காட்டுவார். முன்பற்களும் கோரைப் பற்களும் கழுவி வைத்த அரிசி மாதிரி இருக்கும்.

போன ஆகஸ்ட் மாதம், பம்பரின் வலது கண்ணுக்குக் கீழே லேசான வீக்கம் தெரிந்தது.

“குளவி கொட்டியிருக்கும்,” என்றார் குணாக்கா. நானும் அப்படித்தான் நினைத்தேன். மஞ்சள் குழைத்துப் பற்றுப் போட்டார். இரண்டு நாளில் வடிந்த மாதிரி இருந்தது, மறுபடி எழும்பியது. மருந்துக் கடையில் சொல்லிக் கண்ணுக்குச் சொட்டு மருந்து வாங்கினார். ஒரு வாரம் ஊற்றினார். வீக்கம் எலுமிச்சம்பழ அளவுக்கு வந்தது. கண் பாதி மூடிக்கொண்டது. பிறகு ஒரு நாள் அந்த இடம் தானாக உடைந்து, ரத்தமும் சீழுமாய்க் கன்னத்தில் வழிந்தது.

அதற்குள் பம்பர் சாப்பாட்டைக் குறைத்துவிட்டது. டீக்கடைப் பொறை பிஸ்கட் என்றால் உயிரை விடும். இப்போது வாயில் வாங்கி, ஒரு பக்கமாகத் தலையைச் சாய்த்து ஒரு கடி கடித்து, கீழே போட்டுவிட்டு எங்களைப் பார்க்கும். வாய் நாறியது. முந்தின நாள் போட்ட மீன் தலைதான் காரணம் என்றார் குணாக்கா.

அன்று மாலை என்னைக் கூப்பிட்டார். “தம்பி, நீ படிச்ச புள்ள. போன்ல இங்கிலீஷ்ல போட்டுப் பாரேன், இது இன்னான்னு.”

நான் தேடினேன். இப்படிக் கேட்டால் நான் செய்யாமல் இருக்க மாட்டேன். எங்கள் தெருவில் யாருக்கு எந்தப் படிவம் வந்தாலும் என்னிடம்தான் வரும், எனக்கும் அது பிடிக்கும். திரையில் வரிசையாகக் காரணங்கள் வந்தன. பூச்சிக்கடி. ஒவ்வாமை. பல். புற்றுநோய்க் கட்டி. பூச்சிக்கடியோ ஒவ்வாமையோ இல்லை, பத்து நாளுக்கு மேல் ஆகிவிட்டது. பல் என்ற வரியைப் படிக்காமலே தாண்டினேன். தினமும் அந்தப் பல்லை அவர் துடைப்பதை நானே என் கண்ணால் பார்க்கிறேனே. கடைசி வரியைத் தொட்டேன். படங்கள் வந்தன. கண்ணுக்குக் கீழே வீங்கி உடைந்த நாய் முகங்கள். பம்பரின் முகம் மாதிரியே.

“கேன்சர் கட்டி மாதிரி இருக்குதுக்கா,” என்றேன். டாக்டர் சொல்கிற மாதிரி நிதானமாகச் சொன்னேன் என்பதுதான் இப்போது நினைத்தால் கூசுகிறது.

குணாக்கா போனை வாங்கிப் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். பிறகு திருப்பிக் கொடுத்துவிட்டு, உள்ளே போய்ப் பாத்திரம் தேய்க்க ஆரம்பித்தார். தேய்த்த பாத்திரத்தையே மறுபடியும் தேய்த்தார்.

மறுநாள் லைனில் பாக்கியராஜ் அண்ணன் ஒரு பம்பரைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். ஏ சைடில், நடு மத்தியில், கையளவுக் கீறல். அதன் மேல் குணாக்காவின் பச்சை ஸ்டிக்கர்.

“பதினோரு வருஷத்துல அவங்க கையால இப்டி ஒண்ணு பாஸாயி நான் பாத்ததில்ல தம்பி. இன்னா ஆச்சு?”

சொன்னேன். பாக்கியராஜ் அண்ணன் சிரிப்பார், கிண்டல் செய்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் ஸ்டிக்கரை மட்டும் உரித்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

இரவு போனில் ஆதிநாராயணன் அண்ணன் பேசியது தெருவுக்கே கேட்டது. ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார்கள்.

“எத்தினி நாளா சாப்டல?”

“மூணு நாளா கஞ்சித் தண்ணிதான்.”

அந்தப் பக்கம் வண்டிகள் போகும் சத்தம் கேட்டது. “துடிக்க உடாத குணா. கேன்சருன்னு ஆயிப்போச்சுன்னா ஒண்ணும் பண்ண முடியாது. பொன்னேரில டாக்டரு கீறாங்களாமே. தூங்க வெக்கிற ஊசி இருக்குதாம். நான் வரதுக்கு எப்டியும் ஞாயித்துக்கெழம ஆவும்... நீயே போட்டுட்டு வந்துரு. நான் வந்து பாத்தா என்னால முடியாது.”

“ம்.”

அந்த ஒரு எழுத்தோடு அழைப்பு முடிந்தது. கொஞ்ச நேரம் கழித்துக் குணாக்கா என் வாசலில் வந்து நின்றார். “சனிக்கிழம போறேன். நீயும் வா நைனா. அங்க இங்கிலீஷ்ல எதுனா கையெழுத்து கேட்டாங்கன்னா எனக்குத் தெரியாது.” அவருக்கு ஆந்திரா எல்லையோரத்துச் சொந்தம் அதிகம். மனசு உடைந்தால் ‘தம்பி’ போய் ‘நைனா’ வந்துவிடும்.

சனிக்கிழமை காலையில் நான் வெளியே வந்தபோது பம்பர் வழக்கமான இடத்தில், வழக்கம்போல அசையாமல் நின்றுகொண்டிருந்தது. குணாக்கா படியில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இன்னைக்கு இன்ஸ்பெக்‌ஷன் இல்லையாக்கா?”

“இன்னிக்கி எதுக்கு?” என்றார்.

பம்பர் நின்றுகொண்டே இருந்தது. ‘ஓகே’ சொன்னால்தானே போகும்? கடைசியில் நான்தான் அதன் முதுகில் தட்டினேன். அது என்னை நம்பவில்லை. குணாக்காவைப் பார்த்தது.

பாக்கியராஜ் அண்ணன் தன் மச்சானின் குட்டி யானை வண்டியைக் கேட்டு வாங்கி ஓட்டிக்கொண்டு வந்திருந்தார். காய்கறி ஏற்றுகிற வண்டி. பின்னால் பழைய பாயை விரித்து, குணாக்கா பம்பரின் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் எதிரில். வழியெல்லாம் பள்ளம். ஒவ்வொரு பள்ளத்துக்கும் பாக்கியராஜ் அண்ணன் தலையை வெளியே நீட்டி, “சாரிடா பம்பரு!” என்று கத்தினார். தச்சூர் கூட்டு ரோட்டில் சிக்னலுக்கு நின்றபோது குணாக்கா என்னிடம் மெதுவாகச் சொன்னார்: “வலிக்காதுன்னு கேட்டுச் சொல்லு மொதல்ல. அப்பறந்தான் மத்ததெல்லாம்.”

பொன்னேரி கால்நடை டாக்டர் காயத்ரிக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். எங்களுக்கு முன்னால் ஒரு ஆடும் இரண்டு கோழியும் காத்திருந்தன. எங்கள் முறை வந்ததும் பம்பரை மேசை மேல் ஏற்றினோம். குணாக்கா அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டார். நான் பேசினேன்.

“டாக்டர், கேன்சர். கண்ணுக்குக் கீழ. சாப்பிடவே இல்ல. கஷ்டப்படுத்த வேணாம்னு...”

டாக்டர் கையுறையை மாட்டிக்கொண்டே கேட்டார்: “கேன்சர்னு யார் சொன்னது?”

“நான்தான்.”

“நீங்க டாக்டரா?”

“இன்ஜினியர்.”

“என்ன இன்ஜினியரிங்?”

“மெக்கானிக்கல்.”

“அப்ப சரி,” என்றார். பின்னால் பாக்கியராஜ் அண்ணன் இருமினார். ஏழு வருடத்துக்கு முன் பஸ்ஸில் இருமியதும் இப்படித்தான் இருந்திருக்கும்.

டாக்டர் வீக்கத்தைச் சுற்றி விரலால் அழுத்தினார். பம்பர் முனகியது. கடித்துவிடாமலிருக்க மூக்கைச் சுற்றிக் கட்டுத்துணியால் ஒரு கட்டுப் போட்டார். “பல்லைப் பாத்தீங்களா?”

முதல்முறையாகக் குணாக்காவின் குரல் வந்தது. “அத்த நான் டெய்லி பாக்குறேன் டாக்டர். ஒரு நாள் உட்டதில்ல. பல்லு முத்து மாதிரி கீது.”

“எங்க, எப்படிப் பாப்பீங்க? காட்டுங்க.”

குணாக்கா முன்னால் வந்து, பழகிய கையால் மேலுதட்டை முன்பக்கமாகத் தூக்கிக் காட்டினார். அதே வெள்ளைப் பற்கள்.

“சரி. இப்ப இங்க பாருங்க.”

டாக்டர் உதட்டின் ஓரத்தைப் பிடித்துக் காதுப் பக்கமாக, கடைவாய் வரைக்கும் இழுத்தார். நாங்கள் மூன்று பேரும் குனிந்தோம்.

அங்கே வேறொரு வாய் இருந்தது. ஈறு சிவந்து வீங்கியிருந்தது. பற்களின் மேல் மஞ்சளும் பழுப்புமாய்க் காரை கட்டி, சுவரில் ஒட்டிய சிமெண்ட் மாதிரி இருந்தது. நடுவில் இருந்த பெரிய பல் ஒன்று பக்கவாட்டில் சீவியெடுத்த மாதிரி உடைந்து, உள்ளே கருப்பாய் ஒரு புள்ளி தெரிந்தது.

“இந்தப் பல்லோட வேர் எங்க போய் முடியுது தெரியுமா?” டாக்டர் விரலைப் பல்லிலிருந்து மேலே நகர்த்திக்கொண்டே போனார். விரல் வீக்கத்தின் மேல் போய் நின்றது. “கண்ணுக்கு நேர் கீழ. பல் உடைஞ்சு, கிருமி உள்ள போய், வேர்ல சீழ் பிடிச்சு, வழி இல்லாம இங்க உடைச்சுக்கிட்டு வந்திருக்கு. பாக்கிறவங்க எல்லாரும் கண்ணுக்குத்தான் மருந்து போட்டுக்கிட்டு வருவாங்க.”

குணாக்கா மேசை விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டு கேட்டார்:

“அப்ப... கேன்சர் இல்லயா?”

“பல்லுதான்னு எனக்குத் தோணுது. ஆனா தோணுறத வெச்சுச் சொல்லக் கூடாது. எக்ஸ்ரே எடுத்துப் பாத்துட்டுச் சொல்றேன்.” என்னைப் பார்த்துச் சொன்ன மாதிரிதான் இருந்தது.

எக்ஸ்ரே எடுக்க அரை மணி நேரம் ஆனது. அந்த அரை மணி நேரம் குணாக்கா எழுந்து நிற்பதும் உட்காருவதுமாக இருந்தார். ஒருமுறை என் பக்கம் திரும்பி, “ஏ சைடு மட்டும் பாத்துகினு இருந்திருக்கேன்டா,” என்றார். “பதினோரு வருஷ சர்வீசு. வெளிய தெரியுற பல்ல மட்டும் தொடச்சுத் தொடச்சு வெச்சிருக்கேன். உள்ள எவன் பாக்கப் போறான்னு உட்டுட்டேன்.”

“நானுந்தான்கா பாத்தேன், தினமும்.”

“நீ தூரத்துல நின்னு பாத்த. அவன் வாயி என் கையில இல்ல இருந்திச்சு?”

டாக்டர் படத்தை வெளிச்சத்தில் வைத்தார். உடைந்த பல்லின் வேர் நுனியைச் சுற்றி ஒரு கருநிழல். “இதுதான் சீழ். சுத்தி எலும்பு நல்லா இருக்கு. கட்டியோட அடையாளம் எதுவும் இல்ல. சீழுக்கும் வலிக்கும் மாத்திரை தரேன். ரத்தம் எடுத்துப் பாத்துட்டு, புதன்கிழமை மயக்கம் கொடுத்துப் பல்லை எடுத்துடலாம். அப்பவே மத்த பல்லுல இருக்கிற காரையையும் சுரண்டி எடுத்துடலாம். எடுத்துட்டா சாப்பிட ஆரம்பிச்சுடும்.”

“செத்துப் போவாதா?”

“பல் வலிக்காம்மா சாவாங்க?”

குணாக்கா அங்கேயே, தரையில், ஆட்டுக்காரர் விட்டுப்போன அகத்திக்கீரைக் காம்புகளுக்கு நடுவில் உட்கார்ந்துவிட்டார். சத்தமாக அழுதார். பம்பர் கட்டிய வாயோடு மேசையிலிருந்து இறங்கப் பார்த்தது. எனக்குள்ளும் ஏதோ ஒன்று அவிழ்ந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக, நான் சொன்னது தப்பு என்று ஒருவர் நிரூபித்தது எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

எப்படி உடைந்தது என்று டாக்டர் கேட்டார். குணாக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டே நல்லி எலும்பைப் பற்றிச் சொன்னார்.

“அதுதான்,” என்றார் டாக்டர். “எல்லாரும் இதையேதான் பண்றாங்க. நாய்ப் பல்லு இரும்பு இல்லம்மா. எதைக் கடிக்கக் குடுத்தாலும் முதல்ல உங்க கட்டைவிரல் நகத்தை அதுல அழுத்திப் பாருங்க. நகம் பதிஞ்சா குடுங்க. பதியலன்னா அது பல்ல உடைச்சிடும்.”

குணாக்காவின் முகம் மாறியது. அழுகை நின்று, லைனில் நிற்கும்போது வருகிற ஒரு கவனம் வந்தது. இப்படித் தெளிவான ஒரு அளவுகோல் கிடைத்தால் அவருக்குப் போதும். “பதியலன்னா ரிஜெக்ட்டு,” என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

வெளியே வந்ததும் கணவருக்குப் போன் போட்டார். அவர் எடுத்தவுடன், “இரு, வண்டிய ஓரங்கட்டுறேன்,” என்றார். இண்டிகேட்டரின் டிக் டிக் சத்தம் கேட்டது. “சொல்லு. முடிஞ்சிடுச்சா?”

“பல்லாம்யா.”

“இன்னாது?”

“பல்லு. கடவாப்பல்லு ஒடஞ்சு கீதாம். கேன்சரு இல்லயாம். புதங்கெழம புடுங்கிடறாங்களாம்.”

மறுமுனையில் மூக்கை உறிஞ்சுகிற சத்தம். “எவன்டி அவன் கேன்சருன்னு சொன்னது?”

குணாக்கா என்னைப் பார்த்தார். நான் குட்டி யானையின் டயரைப் பார்த்தேன்.

“யாரோ சொன்னாங்க, உடு.”

“ரெண்டு நாளா சோறு எறங்கல எனக்கு. வண்டி ஓட்டுறனா, இன்னா பண்றன்னே தெரியல. பேஜாரு பண்ணிட்டானுங்க. போ, போயி அவனுக்கு எதுனா மெத்துன்னு வாங்கிக் குடு. அவன் நைனா நான் வரேன்னு சொல்லு அவன்கிட்ட.”

புதன்கிழமை குணாக்கா லீவு போட்டார். டாக்டர் சொன்னபடி முந்தின இரவிலிருந்து பம்பருக்கு எதுவும் கொடுக்கவில்லை. மயக்க மருந்து போடுகிறவரை கூடவே இருந்தார். கதவு மூடிய பிறகு, நானும் பாக்கியராஜ் அண்ணனும் கம்பெனியில் அனுமதி வாங்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது, வராந்தாவில் சுவர் பக்கம் திரும்பி நின்றுகொண்டிருந்தார்.

“மயக்கத்துலேந்து எழுந்துப்பானில்ல?”

“எழுந்துப்பான்கா.”

“நீ சொல்லாத. நீ சொன்னா பயமா கீது,” என்றார். சொன்ன பிறகு அவரே சிரித்துவிட்டார்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அந்தப் பல்லுக்கு மூன்று வேராம். அதனால் மூன்று துண்டாக வெட்டித்தான் எடுக்க முடிந்ததாம். டாக்டர் ஒரு சின்னக் கிண்ணத்தில் வைத்துக் கொடுத்தார். குணாக்கா அதை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, ஒவ்வொரு துண்டாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு பக்கமும் விடவில்லை.

“பெரிய நாய்க்கு நாப்பத்திரெண்டு பல். இன்னும் நாப்பத்தொண்ணு இருக்கு,” என்றார் டாக்டர். “புண் ஆறுற வரைக்கும், ரெண்டு வாரம், கொழைஞ்ச சாப்பாடு. அப்பறம் பல் தேய்ங்க. மனுஷங்க பேஸ்ட் வேண்டாம், முழுங்கிடும், ஆகாது. நாய்க்குன்னே பேஸ்ட் இருக்கு. குழந்தைங்க பிரஷ் போதும். முதல் நாளே வாய்க்குள்ள கையை விடாதீங்க. முதல்ல பேஸ்ட்டை நக்க விடுங்க, மறுநாள் விரலால, அப்பறம் பிரஷ். வெளிப்பக்கம் தேய்ச்சாப் போதும், ஆனா கடைவாய் வரைக்கும். வாய் நாறினா மீன் தின்னுச்சுன்னு விட்டுடாதீங்க.”

“எத்தினி நாளைக்கு ஒருக்கா?”

“நீங்க எத்தனை நாளைக்கு ஒருக்கா தேய்ப்பீங்க?”

பம்பர் வெளியே வந்தபோது குடித்துவிட்டு வந்த மாதிரி தள்ளாடியது. நாக்கு ஒரு பக்கம் தொங்கியது. குணாக்காவைக் கண்டதும் வாலை ஆட்டப் போய், ஆட்டிய வேகத்தில் தானே சரிந்து உட்கார்ந்தது. “சரக்கு ஓவராடா?” என்றார் பாக்கியராஜ் அண்ணன். அன்று ராத்திரி, கரைத்துக் கொடுத்த தயிர்சாதத்தை ஒரு தட்டு முழுக்க நக்கி முடித்தது. காலையில் மறுபடி கேட்டது. நான்காம் நாள் கன்னத்து வீக்கம் இருந்த இடம் தெரியவில்லை. கண் முழுசாகத் திறந்தது.

இரண்டு வாரம் கழித்து, பேஸ்ட்டும் பிரஷ்ஷும் வாங்கிக்கொண்டு போனேன். குற்ற உணர்ச்சிதான். கோழி வாசனையடிக்கும் பேஸ்ட் அது. பம்பர் முதல் நாளே டியூபைக் கவ்விக்கொண்டு கட்டிலுக்கடியில் ஓடியது. அதைப் பிடுங்குவதற்குள் எங்களுக்கு மூச்சு வாங்கியது.

“தப்பா சொல்லிட்டேன்கா அன்னைக்கு,” என்றேன்.

“சொன்ன. இன்னா இப்ப?” குணாக்கா கட்டிலுக்கடியில் கையை விட்டுத் துழாவிக்கொண்டே பேசினார். “குளவிதான்னு நீயும் சொல்லியிருந்தன்னு வெச்சுக்கோ, இன்னும் ஒரு மாசம் மஞ்சளே பூசிகினு இருந்திருப்பேன். கேன்சருன்னு சொன்ன, பயந்துகினு வண்டி ஏறினேன். ஆனா ஒண்ணு. இனிமே எதுவா இருந்தாலும் டாக்டராண்ட போவ சொல்லு, போதும். பேரு வெக்காத.”

அதற்குப் பிறகு எங்கள் தெருவில் யார் எந்த நோயைப் பற்றிக் கேட்டாலும் நான் போனை எடுப்பதில்லை. டாக்டரின் முகவரியைத்தான் எழுதிக் கொடுக்கிறேன்.

குணசுந்தரி அக்கா இப்போதும் அதே கம்பெனியில், இரண்டாவது லைனில், காலை ஷிப்டில் இன்ஸ்பெக்டராக இருக்கிறார். ஆரம்பாக்கத்தில் அதே வாடகை வீடு. ஆதிநாராயணன் அண்ணன் டிரெய்லர்தான் ஓட்டுகிறார், எட்டு நாளைக்கு ஒருமுறை வருகிறார். பம்பருக்கு எட்டு வயதாகிறது. எதைக் கொடுத்தாலும் சாப்பிடுகிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை பொன்னேரிக்குக் கூட்டிப் போகிறார்கள். போன மாதம் போனபோது டாக்டர் வாயைப் பார்த்துவிட்டு, ஒன்றும் செய்ய வேண்டியதில்லை, தடுப்பூசி மட்டும் போடலாம் என்று சொல்லி, போட்டு அனுப்பிவிட்டார்.